அந்த ஒரு வரியை எழுத மாட்டேன்

வணக்கம் மேடம்,

பெயர் போட வேண்டாம். கோபி பக்கத்தில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கிறோம். எனக்கு வயது 27, பையனுக்கு ரெண்டே கால். வீட்டுக்காரர் மஞ்சளும் வாழையும் போட்டிருக்கிறார், நாலு மாடு இருக்கிறது. மாமனார் மாமியார் கூடவே இருக்கிறார்கள். யாரும் என்னை ஒரு சொல் சொன்னதில்லை. அதனால்தான் இதைச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது.

வாசலிலிருந்து கட்டுத்தறிக்குப் போகிற வழியில் கிணறு. போன ஆடியில் ஒரு நாள் பையனை இடுப்பில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கம் போனேன். 'இவனை உள்ளே போட்டுட்டா?' என்று ஒரு நினைப்பு வந்தது. எங்கிருந்து வந்ததென்றே தெரியவில்லை. கை கால் நடுங்கி, அவனை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

அதற்கப்புறம் கிணற்றுப் பக்கமே போவதில்லை. முழங்கால் வலியோடு அத்தைதான் பால் கறக்கப் போகிறார். கொஞ்ச நாளில் அரிவாள்மனையைப் பார்த்தாலும் அதே நினைப்பு. தூக்கிப் பரணில் போட்டுவிட்டேன். பையனைக் குளிக்க வைப்பதும் இப்போது அத்தைதான். நினைப்பு வந்தால் பாரியூர் அம்மன் பெயரை 21 தடவை சொல்வேன். நடுவில் எண்ணிக்கை தப்பினால் மறுபடி முதலிலிருந்து. ராத்திரி அவரை எழுப்பி, 'நான் அப்படிச் செஞ்சிருவனா?' என்று கேட்பேன். 'ஈ எறும்பைக்கூட நீ அடிக்க மாட்டே, தூங்கு' என்பார். பத்து நிமிஷம் நிம்மதி. அப்புறம் மறுபடி கேட்கத் தோன்றும்.

அம்மாயி கயிறு மந்திரித்துக் கட்டினார். பெற்ற பிள்ளையைக் கொன்ற செய்தி ஏதாவது பேப்பரில் வந்தால் அன்று சோறு இறங்காது. அவளும் முதலில் என்னை மாதிரிதான் நினைத்திருப்பாளோ? சில நாள் நானே இல்லாமல் போனாலும் பரவாயில்லை என்று இருக்கிறது.

டாக்டரிடம் சொன்னால் பிள்ளையைப் பிரித்துவிடுவார்களா? எனக்கு ஒன்றே ஒன்று செய்யுங்கள். 'நீ அப்படிச் செய்ய மாட்டாய்' என்று ஒரு வரி எழுதுங்கள். வெட்டி எடுத்துப் பர்ஸில் வைத்துக்கொள்கிறேன்.

*

அன்பு அம்மிணிக்கு,

அந்த வரியை எழுத மாட்டேன். காரணத்துக்குப் பிறகு வருகிறேன்.

'நானே இல்லாமல் போனாலும்' என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். அதை நான் அப்படித் தாண்டிப் போக முடியாது. அந்த நினைப்பு இருக்கிறது என்று இன்றைக்கே வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். அது கனக்கிற ராத்திரியில் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். 14416 என்ற எண்ணுக்கு அடித்தால் அரசின் டெலி மானஸ் உதவி மையம். இரவு பகல் எந்நேரமும் தமிழில் பேசலாம், கட்டணம் கிடையாது.

இப்போது கிணற்றுக்கு வருவோம். 1978இல் லண்டனில் ராக்மன், டி சில்வா என்ற இரண்டு உளவியலாளர்கள், எந்த நோயும் இல்லாத சாதாரண மனிதர்களிடம், வேண்டாத கெட்ட நினைப்புகள் உங்களுக்கு வருமா என்று கேட்டார்கள். பத்தில் எட்டுப் பேர் வரும் என்றார்கள். யாரையாவது தள்ளிவிடுவது, குத்துவது, வாய்விட்டுச் சொல்ல முடியாத அசிங்கம், எல்லாம் அதில் இருந்தது. நோயாளிகளின் நினைப்புகளையும் மற்றவர்களின் நினைப்புகளையும் கலந்து கொடுத்தால், எது யாருடையது என்று பிரிக்க நிபுணர்களே தடுமாறினார்கள். உங்கள் அத்தைக்கும் பையனைத் தூக்கிக்கொண்டு அந்தக் கிணற்றைத் தாண்டும்போது எப்போதாவது வந்திருக்கும். 'சீ' என்று உதறிவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போயிருப்பார். நீங்கள் அங்கேயே நின்று, 'நான் எப்பேர்ப்பட்டவள்?' என்று உங்களையே விசாரிக்க ஆரம்பித்துவிட்டீர்கள்.

கடிதத்தை வைத்து நோய்க்குப் பெயர் சொல்வது என் வழக்கமில்லை. ஆனாலும் நீங்கள் எழுதியிருப்பது ஓ.சி.டி. என்கிற எண்ண சுழற்சி நோயைத்தான் எனக்குக் காட்டுகிறது. மருத்துவர் நேரில் பார்த்து உறுதி செய்யட்டும். பிரசவத்தை ஒட்டி வருகிற வேறொரு கடும் நோயும் உண்டு. அதில் காதில் குரல் கேட்கும், பிள்ளைக்குத் தீங்கு செய்வதே சரி என்று படும். அப்படி இருந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நீங்கள் எழுதியிருப்பதில் அது தெரியவில்லை. உங்களுக்கு அந்த நினைப்பைக் கண்டாலே உயிர் போகிறது.

சரி, அந்த வரி. 'பத்து நிமிஷம் நிம்மதி' என்று நீங்களே எழுதிவிட்டீர்கள். அந்தப் பத்து நிமிஷம்தான் நோய்க்குத் தீனி. 21 தடவை சொன்னதால்தான் ஒன்றும் நடக்கவில்லை, கேட்டுத் தெரிந்துகொண்டதால்தான் பிள்ளை பத்திரமாக இருக்கிறான் என்று மனசு கணக்குப் போட்டுக்கொள்கிறது. நான் அந்த வரியை எழுதினால் நாலே நாளில் மடிப்பு கிழிகிற அளவுக்குப் படிப்பீர்கள். ஐந்தாம் நாள், 'மேடத்துக்கு முழுசும் தெரிந்திருந்தால் இப்படி எழுதியிருப்பாரா?' என்று தோன்றும்.

கவுன்சலிங் என்றால் யாரோ உட்கார வைத்துப் புத்தி சொல்வது என்றுதான் நம் பக்கம் பலரும் நினைக்கிறார்கள். இந்த நோய்க்குப் புத்தி சொல்லிப் பயனில்லை. அதுதான் உங்களிடம் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கிறதே. 1966இல் விக்டர் மேயர் என்பவர் லண்டனில் ஒரு மருத்துவமனையில் இரண்டு பேருக்குச் செய்து பார்த்த வழிதான் இன்றுவரை நிற்கிறது. பயப்படுகிற இடத்துக்குப் போக வேண்டும், போன பிறகு வழக்கமாகச் செய்கிற சடங்கைச் செய்யாமல் இருக்க வேண்டும். உங்கள் விஷயத்தில், சிகிச்சையாளர் உங்களோடு உட்கார்ந்து ஒரு பட்டியல் போடுவார். முதலில் வாசல் திண்ணையில் பையனோடு உட்கார்ந்து தூரத்துக் கிணற்றைப் பார்ப்பதாக இருக்கலாம். அப்புறம் அவன் சமையலறையில் விளையாட, நீங்கள் காய் நறுக்குவது. பல வாரம் கழித்து, அவனை இடுப்பில் வைத்துக்கொண்டு கட்டுத்தறிக்கு நடப்பது. நெஞ்சு படபடக்கும். 21 சொல்லாமல், யாரையும் கேட்காமல் அப்படியே இருந்தால் அது ஏறி, நின்று, தானாக இறங்கும். பண்ணாரியில் குண்டம் இறங்குவது போல விறுவிறுவென்று தாண்டிவிடுவது இங்கே உதவாது. நின்றுதான் ஆக வேண்டும். பன்னிரண்டு முதல் இருபது அமர்வு வரை ஆகலாம். முழுதாகச் செய்து முடிப்பவர்களில் பாதிப் பேருக்கு மேல் நன்றாகவே தேறுகிறார்கள்.

கிணற்றுக்குக் கைப்பிடிச் சுவர் இல்லையென்றால் கட்டச் சொல்லுங்கள். ரெண்டே கால் வயசு ஓடித் திரிகிற வீட்டில் அது யாருக்கும் வேண்டிய ஜாக்கிரதை. ஒரு தடவை கட்டினால் போதும், தினமும் போய் அசைத்துப் பார்க்க வேண்டாம்!

வீட்டுக்காரர் சொல்கிற பதிலையும் மாற்ற வேண்டியிருக்கும். 'இது அந்த நோய் கேட்கிற கேள்வி. இதுக்குப் பதில் சொல்ல மாட்டேன், பக்கத்துல இருக்கேன்' என்பது போதும். கல் நெஞ்சாகத் தோன்றும். ஆனால் நாளைக்கே திடீரென்று நிறுத்திவிட வேண்டாம், சிகிச்சை ஆரம்பித்து எல்லோருமாகப் பேசிக்கொண்டு செய்யுங்கள். அம்மாயி கட்டின கயிறு இருந்துவிட்டுப் போகட்டும். அம்மனைக் கும்பிடுவதிலும் குற்றமில்லை. எண்ணிக்கை தப்பியதும் நடுங்கிப்போய் முதலிலிருந்து தொடங்குகிறீர்கள் பாருங்கள், அதுதான் வைத்தியம் பார்க்க வேண்டிய இடம்.

மருந்தும் உண்டு. செர்ட்ராலின், ஃப்ளூஒக்ஸெடின் போன்றவை. தூக்க மாத்திரை அல்ல, அடிமையாக்காது. மனச்சோர்வுக்குக் கொடுப்பதைவிட இதற்கு அளவு கூடுதலாகத் தேவைப்படலாம், பலன் தெரியப் பத்துப் பன்னிரண்டு வாரம் ஆகும். மூன்றாம் வாரமே 'கேக்கலீங்க' என்று நிறுத்திவிட்டு வருகிறவர்களைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இன்னும் தாய்ப்பால் கொடுத்தால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

பிள்ளையைப் பிரிப்பார்களா என்று கேட்டீர்கள். இப்படி ஒரு நினைப்பு வருகிறது என்று சொன்னதற்காக யாரும் பிரிப்பதில்லை. மனநல மருத்துவருக்கு இது புதுக்கதையும் இல்லை. நீங்கள் சொல்வதை ரகசியமாக வைப்பது 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டப்படி உங்கள் உரிமை. தங்கிச் சிகிச்சை பெறுகிற தாயிடமிருந்துகூட மூன்று வயதுக்குட்பட்ட குழந்தையைப் பொதுவாகப் பிரிக்கக் கூடாது என்றுதான் அதே சட்டம் சொல்கிறது. உங்களுக்குப் பெரும்பாலும் போய் வந்தாலே போதும்.

பெருந்துறை, கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது. தேவைப்பட்டால் பெங்களூரு நிம்ஹான்ஸில் இந்த நோய்க்கென்றே தனிப் பிரிவு உண்டு. தனியாரிடம் போனால், நான் மேலே சொன்ன வழியின் பெயரைச் சொல்லி, 'எக்ஸ்போஷர் அண்ட் ரெஸ்பான்ஸ் ப்ரிவென்ஷன் செய்வீர்களா?' என்று முதலிலேயே கேளுங்கள். அது தெரியாமல் வாரா வாரம் ஆறுதல் மட்டும் சொல்கிறவர், நல்லவராகவே இருந்தாலும், உங்கள் வீட்டுக்காரர் ராத்திரி செய்வதையே காசு வாங்கிக்கொண்டு செய்வார்.

இதை ஒரு தடவை படித்துவிட்டு வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள், அவர் சட்டைப் பையிலேயே இருக்கட்டும். அரிவாள்மனை இப்போதைக்குப் பரணிலேயே கிடக்கட்டும். புறநோயாளிச் சீட்டு காலையில்தான் போடுவார்கள். அத்தையைப் பையனோடு விட்டுவிட்டு, ரெண்டு பேரும் முதல் பஸ்ஸுக்கே கிளம்பிவிடுங்கள்.