நீங்க எந்தக் கட்சி சார்?

வணக்கம் சார்,

நான் காலேஜ்ல அரசியல் அறிவியல் எடுக்குறேன். பார்லிமென்ட்ல எத்தன அவை, மசோதா எப்படி சட்டமாகுது எல்லாம் பசங்க மனப்பாடமா சொல்றாங்க. ஆனா ஒரு அரசு இந்த வரிய ஏன் போடுது, போட்டா என்ன ஆகும்னு கேட்டா கிளாஸ் அமைதியாயிடுது, இல்லன்னா ரெண்டா பிரிஞ்சு கத்துறாங்க. நான் வாயத் திறந்தா முதல் கேள்வியே "நீங்க எந்தக் கட்சி சார்?" பொதுமக்களுக்குன்னு ஒரு சாயங்காலக் கூட்டம் வெச்சோம், பதினோரு பேர்தான் வந்தாங்க. பப்ளிக் பாலிசிய கட்சிச் சாயம் இல்லாம சொல்லித்தர முடியுமா? அதுக்கு எப்படி மார்க் போடுறது? ஜனங்களுக்கு இதெல்லாம் சொல்றதுல பலன் இருக்கா?

– பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்ட ஒரு ஆசிரியர்

அன்புள்ள ஆசிரியருக்கு,

அந்தக் "எந்தக் கட்சி" கேள்வி உங்களக் கொஞ்சம் காயப்படுத்தியிருக்குன்னு தெரியுது. அந்தப் பசங்க மேல எனக்குக் கோபம் வரல. அவங்க சின்ன வயசுலேர்ந்து பார்த்த விவாதம் எல்லாத்துலயும் பேசுறவர் யாருன்னு தெரிஞ்சாலே என்ன பேசுவார்னு தெரிஞ்சிடும், அப்போ உங்ககிட்டயும் முதல்ல அதத்தான் கேப்பாங்க.

நான் பசங்களோட உக்கார்றப்போ எப்பவும் தூரத்துல நடந்த, முடிஞ்சு போன ஒரு முடிவுலேர்ந்துதான் ஆரம்பிப்பேன். அதுல அவங்களுக்கு எந்தப் பக்கமும் விசுவாசம் இருக்காது. என்ன நடந்துச்சுன்னு சொல்றதுக்கு முன்னாடி, என்ன நடந்திருக்கும்னு நீங்க நினைக்கிறீங்கன்னு பேப்பர்ல எழுத வெச்சிடுவேன். எழுதணும், அது முக்கியம், ஏன்னா வாயால சொன்னா கடைசில எல்லாரும் "நான் அப்பவே சொன்னேனே"ன்னுடுவாங்க.

மெக்சிகோ சிட்டிய எடுத்துக்கோங்க. காத்து ரொம்ப மோசம், அதனால 1989 நவம்பர்ல ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, வண்டி நம்பரோட கடைசி இலக்கத்த வெச்சு ஒவ்வொரு காரும் வாரத்துல ஒரு வேலைநாள் ரோட்டுக்கு வரக்கூடாது. கேக்க எவ்வளவு சுலபமா இருக்கு பாருங்க, அஞ்சுல ஒரு பங்கு கார் குறைஞ்சா புகையும் அந்த அளவுக்குக் குறையணும். பெரும்பாலான பசங்க அப்படித்தான் எழுதுவாங்க. அதுக்கப்புறம் நான் கேக்குறது ஒண்ணே ஒண்ணு, அந்த ஊர்ல ஒரு கார் வெச்சிருக்குற குடும்பம் நீங்க, திங்கக்கிழமை கார எடுக்க முடியாது, என்ன பண்ணுவீங்க? பஸ்ல போவேன்னு ஒருத்தர் சொல்வார், பக்கத்து வீட்டுக்காரரோட போவேன்னு இன்னொருத்தர், அப்புறம் எங்கயோ பின் பெஞ்ச்லேர்ந்து "இன்னொரு கார் வாங்கிடுவேன்"னு ஒரு குரல் வரும். என்ன கார்? ஒரு நாள் ஓட்டத்தானே, பழசா, விலை கம்மியா ஒண்ணு. பழைய காரு புகை அதிகமா விடுமா கம்மியா விடுமா? அந்த இடத்துல கிளாஸ் மொத்தமா ஒரு செகண்ட் நிக்கும் சார், அதப் பார்க்கத்தான் நான் இந்த வேலையே பண்றேன். லூகாஸ் டேவிஸ்ங்கிற பொருளாதார ஆய்வாளர் அந்த ஊரோட காத்துப் பதிவுகள மணிக்கணக்கு வாரியா எடுத்துப் பார்த்துட்டு 2008ல ஒரு கட்டுரை எழுதினார், அந்த ரூலால காத்து சுத்தமானதுக்கு ஆதாரம் இல்ல, மொத்த வண்டி எண்ணிக்கை கூடியிருக்கு, அதுலயும் பழைய வண்டிங்க பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு. பின் பெஞ்ச் பையன் சொன்னதும் அதுவும் ஒண்ணு.

ஆனா இதோட நிறுத்தினா தப்பாயிடும். "அரசாங்கம் எது செஞ்சாலும் வேலைக்காகாது"ன்னு ஒரு முடிவோட எழுந்து போயிடுவாங்க, அது இன்னொரு கட்சி, அவ்வளவுதான். அதனால அடுத்த கிளாஸ்ல ஸ்வீடன் தலைநகர் ஸ்டாக்ஹோம். அங்க 2006 ஜனவரிலேர்ந்து ஜூலை வரைக்கும் சோதனை முறையில நகரத்துக்குள்ள வர, வெளிய போற காருக்குக் கட்டணம் போட்டாங்க. ஆரம்பிக்கும்போது ஜனங்கள்ல பெரும்பாலானவங்களுக்கு அது பிடிக்கல. எல்லைய தாண்டுற வண்டி கிட்டத்தட்ட 20 சதவீதம் குறைஞ்சுது, சோதனை முடிஞ்சு கட்டணத்த நிறுத்தினதும் திரும்ப ஏறிடுச்சு. செப்டம்பர்ல ஓட்டெடுப்பு வெச்சா நகரத்து ஜனங்க சின்ன வித்தியாசத்துல வேணும்னுட்டாங்க, 2007 ஆகஸ்ட்லேர்ந்து நிரந்தரமாச்சு. இங்க ஒரு விஷயத்த விட்டுடாதீங்க. சுத்தியிருந்த சில ஊர்கள் தனியா ஓட்டெடுப்பு வெச்சாங்க, அங்கெல்லாம் மொத்தத்துல வேணாம்னுதான் வந்துச்சு. யார் முட்டாள்னு பசங்கள கேளுங்க. யாரும் இல்லன்னு அவங்களே கண்டுபிடிப்பாங்க, ஒருத்தருக்கு வாசல்ல நெரிசல் குறையுது, இன்னொருத்தர் தினம் வேலைக்கு வரக் காசு கட்டணும். காசு யார் கட்டுறா, நன்மை யாருக்குப் போகுது, ரெண்டு பேரும் ஒரே ஆளா? இந்தக் கேள்விய ஒரு பையன் எந்த அறிவிப்பப் பார்த்தாலும் தானா கேக்க ஆரம்பிச்சிட்டான்னா எனக்குப் போதும்.

உங்க கட்சி விஷயம். மறைக்காதீங்கன்னுதான் சொல்வேன். மறைச்சா அவங்க உங்க ஒவ்வொரு வார்த்தையிலயும் அதத் தேடிட்டே இருப்பாங்க, பாடம் காதுல விழாது. "எனக்கு ஒரு கருத்து இருக்கு, கடைசி கிளாஸ்ல சொல்றேன், அதுவரைக்கும் நான் ஏதாவது ஒரு பக்கத்த பலவீனமாக்கிப் பேசுனா கையத் தூக்கி நிறுத்துங்க"ன்னு சொல்லிட்டேன் ஒரு தடவை. நிஜமாவே நிறுத்தினாங்க, நாலஞ்சு தடவை, அதுல மூணு தடவை அவங்க சொன்னதுதான் சரி.

இப்போ ஜனங்களுக்கு சொல்றதுல பலன் இருக்கான்னு கேட்டீங்களே, இதுக்குக் கொஞ்சம் நீட்டியே பதில் சொல்லணும். கனடாவுல பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்துல 2004ல குலுக்கல் முறையில 160 சாதாரண ஆளுங்களத் தேர்ந்தெடுத்தாங்க, ஒரு தொகுதிக்கு ஒரு பெண், ஒரு ஆண், கூட பழங்குடி மக்கள் ரெண்டு பேர். மாகாணத்தோட தேர்தல் முறைய மாத்தலாமான்னு யோசிச்சு சொல்லுங்கன்னு கேட்டாங்க. தேர்தல் முறைன்னா அதப் படிக்கிற புரொபசருக்கே தலை சுத்தும். இவங்க மாசக்கணக்கா வாரக்கடைசில வந்து உக்காந்து பாடம் படிச்சாங்க, பொதுக்கூட்டங்கள்ல ஜனங்க சொன்னதக் கேட்டாங்க, விவாதிச்சாங்க, கடைசில ஓட்டுப் போட்டப்போ 146 பேர் ஒரு பக்கம், 7 பேர் மறுபக்கம். வேட்பாளர்கள விருப்ப வரிசைப்படி எழுதிப் போடுற முறைய பரிந்துரை பண்ணாங்க. 2005 மே மாசம் அது பொது ஓட்டெடுப்புக்கு வந்தப்போ 57 சதவீதத்துக்கும் மேல ஆதரவு, ஆனா 60 வேணும்னு விதி, அதனால நடக்கல. 2009ல திரும்ப வெச்சப்போ ஆதரவு 39 சதவீதம்தான்.

இதப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு ஒரு மாதிரி ஆயிடும். சாதாரண ஜனங்களுக்கு இவ்வளவு கஷ்டமான விஷயம் புரியாதுன்னு சொல்றவங்க வாய அந்த 160 பேர் அடைச்சிட்டாங்க, நேரமும் பாடமும் குடுத்தா புரியுது. ஆனா அந்த நேரம் மத்த லட்சக்கணக்கான பேருக்குக் கிடைக்கல. அந்த 160 பேர் மாசக்கணக்குல நடந்து வந்த பாதைய மத்தவங்க எதிர்ல ஒரு பிரசுரமா வெச்சு ஓட்டுப் போடுன்னா எப்படி? நாம செய்ய வேண்டிய வேலை அந்த இடைவெளிலதான் கிடக்கு, அதனாலதான் உங்க பதினோரு பேரப் பத்தி எனக்குக் கவலையே இல்ல.

அவங்ககிட்ட என்ன பேசினீங்கன்னு நீங்க எழுதல. "விழிப்புணர்வு"ன்னு தலைப்பு வெச்சு ஒரு மணி நேரம் சொற்பொழிவு பண்ணியிருந்தா அடுத்த தடவை அஞ்சு பேர்தான் வருவாங்க. ஜனங்ககிட்ட கருத்துக் கேக்குறதுக்காக அரசு வெளியிட்ட, இன்னும் முடிவாகாத ஒரு வரைவு விதிய எடுத்துட்டுப் போங்க, முழுசா வேணாம், ஒரே ஒரு பிரிவு. சத்தமாப் படிங்க, புரியாத வார்த்தைகள அவங்களே அடிக்கோடு போடட்டும், அப்புறம் கூட்டம் முடியுறதுக்குள்ள ஆளுக்கு நாலு வரி கருத்து எழுதி அனுப்பிடணும். இல்லன்னா பட்ஜெட் ஆவணத்துலேர்ந்து ஒரு திட்டம் மட்டும், அறிவிச்சப்போ எவ்வளவு, நடுவுல திருத்தினது எவ்வளவு, வருஷம் முடிஞ்சு நிஜமா செலவானது எவ்வளவு. மூணு நம்பர், அத எங்க தேடுறதுன்னு ஒரு தடவை தெரிஞ்சவங்க அதுக்கப்புறம் அறிவிப்பக் கேட்டுக் கை தட்டுறதுக்கு முன்னாடி கொஞ்சம் யோசிப்பாங்க. சட்டம் பாஸானதும் கதை முடிஞ்சுதுன்னு நினைக்கிறவங்கதான் அதிகம், யாருக்குப் பொருந்தும், யாருக்கு விலக்கு, எப்போலேர்ந்துங்கிற நிறைய விஷயம் பின்னாடி வர்ற விதிகள்லதான் முடிவாகுது. அத ஒரு வரி சொன்னாலே பாதி பேர் நிமிர்ந்து உக்காருவாங்க.

மார்க் பத்திக் கேட்டீங்க. கணிப்பு பலிச்சுதா இல்லையான்னு பார்த்துப் போடாதீங்க, எழுதின காரணத்துக்குப் போடுங்க. அப்புறம் ஒவ்வொருத்தரும் தனக்குப் பிடிக்காத பக்கத்தோட வாதத்த ஒரு பக்கம் எழுதணும், அந்தப் பக்கத்துல உண்மையாவே நிக்கிற ஒரு மாணவர் அதப் படிச்சிட்டு "ஆமா, நான் நினைக்கிறது இதுதான்"னு கையெழுத்து போடணும், போட்டாதான் முழு மார்க். முதல் வாரம் ஒருத்தரும் கையெழுத்து வாங்க மாட்டாங்க. மூணாவது வாரம் எத்தன பேர் வாங்கினாங்கன்னு எனக்கு எழுதுங்க.