மலைப்பாதையில் மோட்டார்ஹோம்: வாசகர் கேள்வி, நம் பதில்

கேள்வி: 28 அடி மோட்டார்ஹோமில் (படுக்கை, சமையலறை உள்ள வண்டி) அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்து டீட்டன் கணவாய் வழியாக ஜாக்சன் ஊருக்கு இறங்கினோம். பாதி வழியில் பிரேக்கிலிருந்து தீய்ந்த வாடை வந்தது. வண்டியில் கோளாறா?

பதில்: பெரும்பாலும் ஓட்டும் விதத்தில்தான் கோளாறு இருக்கும். கணவாயின் உயரம் 8,431 அடி. சரிவு 10 சதவீதம், அதாவது 100 அடிக்கு 10 அடி இறக்கம். ஐந்தாறு டன் வண்டியை வெறும் பிரேக்கால் தாங்கினால் பேடும் டிஸ்க்கும் பழுத்துவிடும். அந்தச் சூடு பிரேக் ஆயிலில் ஏறும். புது டாட் 3 ரக பிரேக் ஆயில் 205 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். ஈரம் உறிஞ்சிய பழைய ஆயில் 140 டிகிரியிலேயே கொதித்துக் குமிழி விடலாம். அப்புறம் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

கல்லட்டி மலைப்பாதையில் ஓட்டியவர்களுக்குத் தெரிந்த விதிதான்: ஏறிய கியரிலேயே இறங்கு. உச்சியைத் தாண்டும் முன்பே வேகத்தைக் குறைத்து, ‘டோ ஹால்’ பட்டனை (கியரைக் குறைவாகவே வைத்து இன்ஜினே வண்டியைப் பிடித்து நிறுத்த உதவுவது) அழுத்தி, லீவரை இரண்டாவது கியருக்குக் கொண்டுவாருங்கள். வேகம் பிடித்தபின் கியர் குறைப்பது கஷ்டம். இன்ஜின் அலறும், முள் சிவப்புக் கோட்டைத் தொடாதவரை பயமில்லை. வேகம் 35 மைலைத் தொட்டால் நன்றாக அழுத்தி, மூன்று நொடியில் 30-க்குக் கொண்டுவந்து, காலை முழுசாக எடுத்துவிடுங்கள். மறுபடி 35 வந்தால் மறுபடி அதே. லேசாக மிதித்தபடியே இறங்குவதுதான் கெடுதல்.

வாடை வந்தால் சமதளத்தில் ஒதுக்கி, சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, அரை மணி நேரம் ஆறவிடுங்கள். தண்ணீர் ஊற்றாதீர்கள், டிஸ்க் விரிசல் விடும். தண்ணீர்த் தொட்டியை நிரப்பிக்கொண்டு மலையேறுவதும் வீண். 150 லிட்டர் என்றால் 150 கிலோ. அடுத்த மாநிலமான ஐடஹோ பக்கமிருந்து வருகிறவர்கள் ஸ்வான் வேலி, ஆல்பைன் வழியாக ஸ்னேக் ஆற்றை ஒட்டியே ஜாக்சன் போய்விடலாம். பெரிய வண்டிக்கு அந்தச் சுற்றுவழிதான் நம் சிபாரிசு.

கேள்வி: அதே வண்டியில் மொன்டானா மாநிலத்துக் கிளேசியர் தேசியப் பூங்காவின் ‘கோயிங் டு த சன்’ சாலையில் போகலாமா?

பதில்: முடியாது. அவலாஞ்ச் கேம்ப்கிரவுண்டுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவே, பம்பரோடு சேர்த்து 21 அடி நீளமும் கண்ணாடியோடு சேர்த்து 8 அடி அகலமும்தான் உச்சவரம்பு. நீளத்தைப் பார்ப்பவர்கள் அகலத்தை மறந்துவிடுகிறார்கள். 20 அடி வண்டியும் பக்கக் கண்ணாடியால் மாட்டிக்கொள்ளும். வண்டியைக் கேம்ப்கிரவுண்டில் விட்டுவிட்டு, வாடகைக் காரிலோ பூங்காவின் பழைய சிவப்பு பஸ்ஸிலோ அந்தச் சாலையின் உச்சியான லோகன் கணவாய்க்குப் போய்வாருங்கள். மோட்டார்ஹோமைக் கிழக்குப் பக்கம் கொண்டுபோக, தெற்கே சுற்றிப்போகும் 2-ஆம் எண் நெடுஞ்சாலை இருக்கிறது. அங்கே மரையஸ் கணவாய் 5,213 அடிதான்.

கேள்வி: யெல்லோஸ்டோனில் ஜெனரேட்டர் ஏ.சி.யை இழுக்கவில்லை, ஃப்ரிட்ஜும் கேஸில் சரியாகக் குளிரவில்லை. ஏன்?

பதில்: உயரத்தில் காற்று மெலிவு. ஆயிரம் அடிக்குச் சுமார் 3.5 சதவீதம் திறன் குறையும். 4,000 வாட் ஜெனரேட்டர் 8,000 அடியில் 2,900 வாட்தான் தரும். ஆகவே ஏ.சி. ஓடும்போது மைக்ரோவேவைத் தொடாதீர்கள். கேஸ் ஃப்ரிட்ஜ் 5,500 அடிக்கு மேல் தடுமாறும். வண்டி சாய்ந்து நின்றாலும் குளிராது, முதலில் மட்டம் பாருங்கள். மின் இணைப்பு உள்ள ஃபிஷிங் பிரிட்ஜ் போன்ற இடத்தில் ஃப்ரிட்ஜைக் கரண்டுக்கு மாற்றிவிடுங்கள். அந்த உயரத்தில் தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதிப்பதால் திறந்த பாத்திரத்தில் பருப்பு வேக ரொம்ப நேரமாகும், குக்கர் எடுத்துப்போங்கள்.