இயற்கையைப் பேணினால் மனிதருக்கு நலம் கிடைக்கும் என்பது உண்மையா, வசதியுள்ளவர்களின் பேச்சா?

இந்தக் கேள்வியின் இரண்டாம் பாதிதான் என்னை எழுத வைத்தது. கேட்டவர் பெருநகரத்தில் அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர் என்று ஊகிக்கிறேன். "அன்றாடச் சோற்றுக்கே அலைகிறவர்களுக்கு இயற்கையைப் பேண நேரம் ஏது?" என்று விளக்கத்திலும் கேட்டிருக்கிறார். நான் பாம்பனுக்குப் பக்கத்தில் ஒரு கடலோர ஊரில் பிறந்தவள். என் அம்மா தென்கடலில், அதாவது மன்னார் வளைகுடாவில், கடற்பாசி எடுத்து என்னையும் அண்ணனையும் படிக்க வைத்தவர். அன்றாடச் சோற்றுக்கு அலைந்தவர்கள் கடலைப் பேணியதைப் பார்த்து வளர்ந்தவள் என்பதால், இதற்குப் பதில் சொல்ல எனக்கு உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

ஆய்வுகளைப் பற்றி முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் ஆதாரம் எங்கே என்று கேட்பார்கள். 1984-இல் ராஜர் உல்ரிச் என்பவர் 'சயின்ஸ்' இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையில் பித்தப்பை அறுவை செய்துகொண்டவர்களில், சன்னலுக்கு வெளியே மரங்களைப் பார்க்க முடிந்தவர்கள், செங்கல் சுவரை மட்டும் பார்த்துக் கிடந்தவர்களைவிடச் சற்று முன்னதாக வீடு திரும்பினார்கள், அவர்களுக்கு வீரியமான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன என்பது அதன் முடிவு. 2019-இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரிடம் திரட்டிய தகவல்களை வைத்து வெளியான இன்னோர் ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கைச் சூழலில் கழித்தவர்களில் கூடுதலானோர் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொன்னார்கள் என்று காட்டியது. உடல்நலம் உள்ளவர்கள்தானே வெளியே போகிறார்கள் என்று மறுப்பவர்கள் உண்டு, அந்த மறுப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் இந்த ஆய்வுகள் எல்லாம் இயற்கையைப் பார்ப்பவர்களைப் பற்றியவை. அதைக் கையால் தொட்டுப் பராமரிப்பவர்களுக்கு என்ன கிடைக்கிறது என்பதை நான் என் வீட்டிலேயே கண்டேன்.

பாசி எடுப்பது எப்படி என்று பலருக்குத் தெரியாது. இடுப்பளவு, கழுத்தளவு நீரில் நின்று, முகத்தில் கண்ணாடியை இறுக்கிக்கொண்டு, மூச்சை அடக்கி மூழ்க வேண்டும். பாறை விரலைக் கிழித்துவிடும் என்பதால் விரல் ஒவ்வொன்றிலும் பழந்துணியைச் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அம்மா இடது கையால் கல்லைப் பற்றிக்கொண்டு, வலது கை விரல்களால் மரிக்கொழுந்துப் பாசியின் மேற்பகுதியை மட்டும் கிள்ளுவார். அடியை விட்டுவைத்தால் அது மறுபடி துளிர்க்கும். கல்லைப் புரட்ட நேர்ந்தால் பழையபடி கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் அடுத்த கல்லுக்குப் போவார், ஏனென்றால் அடியில் மீன் முட்டையோ நண்டுக் குஞ்சோ ஒட்டிக்கொண்டிருக்கும். இரும்புச் சுரண்டியைக் கொண்டுவரக் கூடாது, மாதத்தில் சில நாட்களே கடலில் இறங்க வேண்டும், பாசி வளரும் கோடை மாதங்களில் இறங்கவே கூடாது என்றெல்லாம் எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்களுக்குள்ளேயே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி என்னும் பாசி எடுக்கும் பெண்ணுக்கு 2015-இல் சீகாலஜி என்ற பன்னாட்டு விருது கிடைத்தபோது, எங்கள் தெருவில் ஒவ்வொரு வீடும் அதைத் தன் வீட்டுப் பெருமையாகவே கொண்டாடியது.

"உங்கள் ஊரார்தானே பவளப்பாறையை வெட்டி விற்றார்கள்?" என்று யாராவது கேட்கக்கூடும். வெட்டினார்கள், அதை மறைக்க மாட்டேன். சுண்ணாம்புக் காளவாய்க்கும் வீட்டுச் சுவருக்கும் மன்னார் வளைகுடாப் பார்களிலிருந்து, அதாவது கடலடிப் பவளத் திட்டுகளிலிருந்து, வண்டி வண்டியாகக் கல் போயிற்று. 1986-இல் 21 தீவுகளையும் சேர்த்துக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்த பின்னும், 2001-இல் பவளங்கள் காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்ந்த உடனேயும் அது முழுதாக ஓயவில்லை. பூவரசன்பட்டி, விலாங்குசல்லி என்ற இரண்டு தீவுகள் இன்று நீருக்கடியில் கிடக்கின்றன, அதற்குப் பவளம் வெட்டியது முக்கியக் காரணம். ஆனால் கல்லை வாங்கிக் கட்டடம் எழுப்பியவர்கள் எல்லாரும் கடலோரத்தில் இருந்தவர்கள் அல்லர் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி அம்மாவின் கதைக்கு வருகிறேன். மூட்டு தேய்ந்து, இரத்த அழுத்தமும் ஏறியபோது, இனிக் கடலில் இறங்கக் கூடாது என்று மருத்துவர் சொல்லிவிட்டார். நான் வேலை பார்க்கும் மதுரைக்கு அழைத்து வந்தேன். வீட்டில் மின்விசிறி, தொலைக்காட்சி, நேரத்துக்குச் சாப்பாடு எல்லாம் இருந்தன. அம்மாவோ இரவெல்லாம் விழித்திருந்தார், சாப்பாட்டை அளைந்துவிட்டு எழுந்துகொண்டார், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொன்னார். ஊரிலிருந்து அண்ணன் தொலைபேசியில் பேசினால் மட்டும், காற்று கச்சானா, கொண்டலா, தண்ணீர் தெளிந்திருக்கிறதா என்று கேட்பார். 2016-இல் கடல்நீர் சூடேறிப் பார் வெளுத்துவிட்டது என்று அண்ணன் சொன்னபோது அம்மா இந்த வீட்டில்தான் இருந்தார். நீரின் வெப்பம் ஏறி நீடித்தால், பவள உயிரிக்குள் வாழ்ந்து அதற்கு நிறமும் உணவும் தருகிற நுண்பாசிகள் வெளியேறிவிடும், பவளம் எலும்பு நிறத்துக்கு மாறும் என்று நான் படித்ததை விளக்கினேன். அம்மா கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, "அங்கன எல்லாம் செத்துக் கிடக்கு, நான் இங்கன உக்காந்து என்னத்தா செய்யப்போறேன்?" என்றார். அந்த வாரமே ஊருக்குப் போய்விட்டார்.

கடலில் இறங்க முடியாதவர் கரையை எடுத்துக்கொண்டார். வாடைக் காலத்தில் எங்கள் கரையில் அறுந்த நைலான் வலைகள் சுருள் சுருளாக ஒதுங்கும். அவை வெறும் குப்பை அல்ல. மனிதர் கைவிட்ட பிறகும் மீன் பிடித்துக்கொண்டே இருப்பவை. பாரில் சிக்கினால் பவளக் கிளையை ஒடித்துக்கொண்டு புரளும். அம்மா விடியற்காலையில் ஒரு கத்தியையும் பழைய உரச்சாக்கையும் எடுத்துக்கொண்டு கரையோரம் நடந்து, மணலில் புதைந்த வலையை அறுத்துச் சேர்க்கத் தொடங்கினார். நான் ஊருக்குப் போயிருந்த ஒரு காலையில் பேராமை ஒன்று அப்படிச் சிக்கிக் கிடந்தது. முன்துடுப்பின் இடுக்கில் நைலான் நூல் தோலுக்குள்ளேயே இறங்கி, சுற்றிலும் சதை வீங்கியிருந்தது. அம்மா கத்தியைக் கீழே போட்டுவிட்டு, கூந்தல் ஊசியால் நூலை இழை இழையாக நெம்பித் தூக்க, நான் நகவெட்டியால் ஒவ்வொன்றாக வெட்டினேன். கடைசி இழை போனதும் அது துடுப்பை ஒருமுறை அசைத்துப் பார்த்தது. இரண்டு பேருமாகத் தள்ளி நீரில் விட்டோம். அன்று அம்மா தட்டு நிறையச் சோறு போட்டுச் சாப்பிட்டதையும், நண்பகலில் திண்ணையில் படுத்து அயர்ந்து தூங்கியதையும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். இன்று பக்கத்து வீட்டுப் பெண்கள் சிலரும் அம்மாவுடன் நடக்கிறார்கள். பேச்சுத் துணை, உடலுக்கு அசைவு, தன்னால் இன்னமும் ஒரு பயன் உண்டு என்ற எண்ணம் ஆகிய மூன்றும் அந்த நடையில் அவருக்குக் கிடைக்கின்றன. நலம் என்று நான் சொல்வது இதைத்தான்.

இதைப் படித்துவிட்டுக் கடற்காற்று மருந்துக்கு மாற்று என்று தயவுசெய்து எவரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். அம்மா இரத்த அழுத்த மாத்திரையை ஒருநாளும் நிறுத்தவில்லை, நிறுத்த நானும் விடமாட்டேன். மனநோய் தீரும் என்று நம்பி நோயாளர்களைக் கொண்டுவந்து விடும் தர்கா உள்ள ஏர்வாடி எங்கள் கரையில்தான் இருக்கிறது. அங்கே 2001 ஆகஸ்ட் 6 அன்று, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளர்கள் தீயிலிருந்து தப்ப முடியாமல் சிக்கியதில் 28 பேர் உயிரிழந்தார்கள். மனநோய்க்குச் சிகிச்சையை மறுத்து, இடம் மாறினால் சரியாகிவிடும் என்று ஒருவரைக் கொண்டுபோய் விடுவது எத்தகைய கொடுமை என்பதை எங்கள் மாவட்டத்துக்காரர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியவில்லை. அம்மா சேர்க்கும் வலைக் குவியலை எடுத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டும். அதற்காக அண்ணன் ஒவ்வோர் அலுவலகமாக மனுக் கொடுத்தார், ஒவ்வொருவரும் அடுத்தவரின் பொறுப்பு என்று கைகாட்டினார்கள். ஒருமுறை குவியல் அப்படியே கிடந்து, பெரிய ஓதம் வந்த இரவில் பாதி வலை மீண்டும் கடலுக்கே போயிற்று. விசைப்படகுகள் கரையோரக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது என்று தமிழ்நாட்டில் 1983 முதல் சட்டம் இருக்கிறது. ஆனால் எங்கள் பக்கத்து நாட்டுப்படகுக்காரர்கள், விசைப்படகுகளின் இழுவைமடி (கடலடியை அரித்து இழுக்கும் வலை) கரையோரம் வந்து தங்கள் வலைகளை அறுத்துப்போவதாகச் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அந்த அறுந்த வலைகளும் சேர்ந்துதான் அம்மாவின் சாக்கில் விழுகின்றன.

கேட்டவர் இந்தப் பக்கம் வந்தால், தொண்டிக்கு அருகே காரங்காட்டில் அலையாத்திக் காட்டுக்குள் படகில் அழைத்துப் போகிறார்கள். ஊர்ப் பெண்களே மீனும் நண்டும் சமைத்துத் தருகிறார்கள். சாப்பிட்டு முடித்ததும் அவர்களிடமே கேளுங்கள், இயற்கையைப் பேண அவர்களுக்கு நேரம் எங்கிருந்து வருகிறது என்று.