'கேஷ்' என்பது நம் 'காசு' தானா?

வணக்கம். ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்' என்ற ஆங்கிலச் சொல் தமிழ்க் 'காசி'லிருந்து பிறந்தது என்று நீங்கள் எழுதியதை ஆசிரியர் அடித்துவிட்டதாகக் கேட்டிருந்தீர்கள். அவர் திருத்தியது சரியே. ஆனால் அந்தப் பத்தியை முழுவதும் நீக்க வேண்டியதில்லை.

பெட்டியைக் குறிக்கும் 'காப்சா' என்ற இலத்தீன் சொல், இத்தாலியத்தில் 'காஸ்ஸா' என்றும் பிரெஞ்சில் 'கெஸ்' என்றும் திரிந்து, 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் நுழைந்தபோது பணப்பெட்டியையும் குறித்தது. பிறகு பெட்டியின் பெயர் அதனுள் இருந்த பணத்துக்கே நிலைத்துவிட்டது. 'ஊர் சிரித்தது' என்பதைப் போல இதுவும் இடவாகுபெயரே. 'கேஷியர்' என்பவரும் அந்தப் பெட்டிக்குப் பொறுப்பானவர்தான்.

உங்களை மயக்கியது இன்னொரு 'கேஷ்'. நம் காசு போர்ச்சுகீசியர் வாயில் 'காய்ஷா' ஆகி, ஆங்கிலேயரிடம் சிறு செப்பு நாணயத்தின் பெயராயிற்று. கும்பினியாரின், அதாவது கிழக்கிந்தியக் கம்பெனியாரின், சென்னைக் கணக்கில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் 'வராகன்' என்ற ஒரு பொன் நாணயம். நடுவில் துளையிட்ட சீனச் செப்பு நாணயத்தையும் அவர்கள் இதே பெயரால் அழைத்தார்கள் என்பது எனக்கு இன்றும் வியப்பளிக்கிறது. நல்ல அகராதிகள் ரொக்கத்தைக் குறிக்கும் 'கேஷ்', நாணயத்தைக் குறிக்கும் 'கேஷ்' இரண்டையும் தனித்தனிச் சொற்களாகவே பதிகின்றன. ஆகவே நாணயப் பெயரை மட்டும் தமிழ்வழிச் சொல்லாகக் காட்டி அந்தப் பத்தியைத் திருத்தி எழுதுங்கள்.