தண்ணீரில் இன்ஜின் ஓடுமா? – வாங்குவோர் கேள்வி-பதில்

கே: கையைச் சூடாக்கும் பை ஒன்று வாங்கினேன். ஒருமுறை சூடாகிவிட்டு இறுகிப்போனது. மறுபடி பயன்படுத்த முடியுமா?

ப: உள்ளே என்ன இருக்கிறது என்று பாருங்கள். இரும்புத்தூள் என்றால் அவ்வளவுதான். காற்றில் உள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து துருவாகும்போது வெளிவரும் வெப்பம்தான் உங்கள் கைக்குக் கிடைத்தது. துருவை யாரும் திருப்பி இரும்பாக்கித் தரப்போவதில்லை. சின்ன உலோகத் தகடு மிதக்கும் திரவப் பை என்றால் அது சோடியம் அசிட்டேட். கொதிநீரில் போட்டுப் படிகம் முழுக்க உருகும்வரை வைத்திருந்து, அசைக்காமல் ஆறவிடுங்கள். பழையபடி வேலை செய்யும். ‘பலமுறை பயன்படும்’ என்று அட்டையில் எழுதியிருந்ததை நம்பி நான் ஒரு டஜன் வாங்கினேன். பன்னிரண்டும் இரும்புத்தூள். அந்த ஆத்திரம் இன்னும் ஆறவில்லை.

கே: அடிபட்ட இடத்தில் வைக்கும் குளிர்ப் பை. இரண்டாம் முறை தட்டினால் சில்லிடவில்லை. ஏமாற்றா?

ப: இல்லை. உள்ளே இருக்கும் உப்பு நீரில் கரையும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால்தான் பை சில்லிடுகிறது. அந்த உப்பு முதல் தடவையே கரைந்துவிட்டது.

கே: அடைப்பு நீக்கும் தூளைக் குழாயில் கொட்டி, சீக்கிரம் வேலை செய்யட்டும் என்று கொதிநீர் ஊற்றினேன். பொங்கிக் கையில் தெறித்தது. நஷ்டஈடு கேட்கலாமா?

ப: முதலில் கையை ஓடும் நீரில் நன்றாகக் கழுவி மருத்துவரைப் பாருங்கள். அப்புறம் டப்பாவின் பின்பக்கத்தைப் படியுங்கள். வாங்கிய அன்றே படித்திருக்க வேண்டும். இந்தத் தூள்களில் பெரும்பாலும் இருப்பது சோடியம் ஹைட்ராக்சைடு. 100 கிராம் கரைந்தாலே சுமார் 110 கிலோஜூல் வெப்பம் வரும். கால் லிட்டருக்கும் மேற்பட்ட சாதாரண நீரைக் கொதிக்கவைக்க அது போதும். நீங்கள் ஊற்றியதோ ஏற்கெனவே கொதித்த நீர். எச்சரிக்கையே அச்சிடாமல் விற்றிருந்தால் டப்பாவையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள், நான் உங்கள் பக்கம். அச்சிட்டிருந்தால் கேட்க வழியில்லை.

கே: காரில் தண்ணீரைப் பிரித்து இன்ஜினுக்கு வாயு அனுப்பும் கருவி. ‘பெட்ரோல் பாதி மிச்சம்’ என்றார்கள். மூன்று மாதமாகியும் ஒரு துளி மிச்சமில்லை. நான் சரியாகப் பொருத்தவில்லை என்கிறார் விற்றவர். தவறு என்னுடையதா?

ப: இல்லவே இல்லை. உங்களை ஏமாற்றியிருக்கிறார்கள்.

ஹைட்ரஜன் எரிந்து முடிந்து மிஞ்சுவதுதான் தண்ணீர். 18 கிராம் நீரைப் பிரிக்க 286 கிலோஜூல் ஆற்றல் தேவை. பிரிந்த வாயுக்களை எரித்தால் கிடைப்பதும் அதிகபட்சம் அதே 286தான். தொடக்கமும் முடிவும் ஒன்றாக இருந்தால், எந்த வழியில் போனாலும் வெப்பக் கணக்கு மாறாது என்று 1840-லேயே வேதியியலாளர் ஜெர்மைன் ஹெஸ் சொல்லிவிட்டார். தண்ணீரில் தொடங்கித் தண்ணீரில் முடிந்தால் கணக்கு பூஜ்யம். சரி, பிரிப்பதற்கான மின்சாரம் எங்கிருந்து வருகிறது? உங்கள் பெட்ரோலை எரித்து இன்ஜின் சுழற்றும் ஆல்டர்னேட்டர் என்ற மின்னாக்கியிலிருந்து. பெட்ரோலின் வெப்பத்தில் பெரும்பகுதி சக்கரத்துக்குப் போகும் முன்பே வீணாகிறது. அதில் மிஞ்சியதை எடுத்துத் தண்ணீரைப் பிரித்து மறுபடி எரித்தால் ஒவ்வொரு படியிலும் நஷ்டம். எப்படிப் பொருத்தினாலும் இதுதான் நடக்கும். படிக்காதவர்களைத்தான் இவர்கள் ஏமாற்றுகிறார்கள் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். நம்பிக்கையாகப் பேசினால் யாரும் ஏமாறுவார்கள். விளம்பரத்தைப் படமெடுத்து வையுங்கள். பணத்தைத் திருப்பித் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மறுத்தால் நுகர்வோர் புகாராகக் கொண்டுபோங்கள்.

கே: எபாக்ஸி பசையை ஒரு டம்ளர் நிறையக் கலந்தேன். புகை வந்து டம்ளர் உருகிவிட்டது. போலிச் சரக்கா?

ப: அசல்தான். இறுகும்போது வெப்பம் உமிழும் பசை அது. மொத்தமாகக் குவித்தால் வெப்பம் வெளியேற இடமில்லை. கொஞ்சம் கொஞ்சமாக, அகலமான தட்டில் கலக்குங்கள்.