வாய்ப்பூட்டுதான், பள்ளிக்கூடம் அல்ல

கேள்வி: வாழ்க்கையே துன்பம் என்றவர் ஜெர்மன் தத்துவவாதி ஷோப்பன்ஹவர். அப்படியானால் அரசும் வேண்டாம் என்றுதானே அவர் சொல்லியிருக்க வேண்டும்?

பதில்: இல்லை. மனிதனை நம்பாததால்தான் அரசு கட்டாயம் வேண்டும் என்றார். 1819 என்று ஆண்டு அச்சிடப்பட்டு வந்த அவருடைய முதன்மை நூலின் 62ஆம் பகுதியில் இதற்கான வாதம் இருக்கிறது. ஒருவருடைய இச்சை இன்னொருவரின் உடலுக்குள்ளோ உழைப்பின் பலனுக்குள்ளோ அத்துமீறுவது அநீதி. நீதி என்பது அது இல்லாத நிலை, அவ்வளவே. அநீதி செய்பவன் அடையும் சுகத்தைவிட, அதற்கு ஆளாகிறவன் படும் துன்பம் எப்போதும் பெரிது. ஆகவே அந்தச் சுகத்தை எல்லோரும் விட்டுக்கொடுத்து, இந்தத் துன்பத்திலிருந்து தப்பிக்கிறார்கள். அந்த ஒப்பந்தமே அரசு. தன்னலத்தை அழிக்க வந்ததல்ல அது. தன்னலமே கணக்குப் போட்டுக் கட்டியது.

பலர் தடுமாறும் இடம் இதற்கு அடுத்தது. அரசு மனிதனை நல்லவனாக்குவதில்லை. கொலை செய்யத் துடிப்பவன் தண்டனைக்கு அஞ்சிச் சும்மா இருந்தால் அதற்குப் போதும். வாய்ப்பூட்டு மாட்டிய புலியும் ஆடு மாடு அளவுக்குச் சாதுதான் என்பது அவர் கருத்து. அரசை அறத்தின் உச்சமாக வைத்த தத்துவவாதி ஹெகலை அவர் அத்தனை கடுமையாக எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம். தண்டனை விஷயத்தில் இன்னொரு ஜெர்மன் தத்துவவாதியான கான்ட்டோடும் முரண்பட்டார்: நடந்த குற்றத்துக்குப் பழிவாங்குவது அல்ல, இனி நடக்காமல் தடுப்பதே தண்டனையின் நோக்கம் என்றார்.

கேள்வி: அவர் மக்களாட்சியை ஆதரித்தாரா?

பதில்: இல்லை. 1848 செப்டம்பரில் ஜெர்மன் நகரமான ஃபிராங்க்ஃபர்ட்டில் கலவரம் வெடித்தபோது, அதை அடக்க வந்த சிப்பாய்கள் பக்கமே நின்றார். 1848-49 மோதல்களில் ஊனமுற்ற பிரஷ்ய (அன்றைய ஒரு ஜெர்மன் முடியரசு) சிப்பாய்களுக்கும், இறந்தவர்களின் குடும்பங்களுக்கும் உதவும் நிதிக்கே தன் சொத்தின் பெரும்பகுதியை உயில் எழுதி வைத்தார்.

1851இல் வந்த கட்டுரைத் தொகுப்பில், பரம்பரை மன்னராட்சியே மேல் என்கிறார். செல்வம், அதிகாரம், பாதுகாப்பு எல்லாம் நிறைந்த மன்னனுக்குத் தனக்கென வேண்டுவது எதுவும் மிஞ்சாது. அவன் தன்னலம் தானாகவே அடங்கிவிடும் என்பது வாதம். பத்திரிகைச் சுதந்திரத்தை நீராவி எந்திரத்தின் பாதுகாப்பு வால்வோடு ஒப்பிட்டவரும் இவரே. ஆனால் அந்தச் சுதந்திரத்தில் விஷமும் இருக்கிறது என்ற அச்சமும் அவருக்கு இருந்தது.

அவருடைய அரசியலில் பலவீனமான கண்ணி மன்னனைப் பற்றிய அந்த வாதம்தான். இச்சைக்கு நிறைவே கிடையாது, ஒன்று கிடைத்ததும் அடுத்தது முளைக்கும் என்பதே அவர் தத்துவத்தின் அடித்தளம். அந்த விதியிலிருந்து மன்னனுக்கு மட்டும் எப்படி விலக்கு?