காய்கறி லோடுக்குப் பழைய குட்டி யானையே போதும்

சகோ, ஒட்டன்சத்திரத்திலிருந்து திண்டுக்கல் கடைக்குத் தினமும் 500 கிலோ காய்கறி வருது, அதுக்குக் கடன் வாங்கி பொலிரோ பிக்கப் எடுக்கலாமான்னு கேட்டிருக்கீங்க. வேண்டவே வேண்டாம். குட்டி யானைன்னு சொல்ற பழைய டாடா ஏஸ் டீசலே தாராளம். 2005-ல வந்த அந்த 702 சிசி, ரெண்டு சிலிண்டர் இன்ஜினைப் பிரிச்சு மாட்டத் தெரியாத மெக்கானிக் நம்ம பக்கம் அபூர்வம். சந்துக்குள்ளயும் திரும்பும். கார் லைசென்ஸே செல்லும். 7,500 கிலோவுக்குள்ள இருக்கிற வண்டிக்கு அது போதும்னு 2024-ல உச்ச நீதிமன்றமே உறுதி பண்ணிடுச்சு. கொடைக்கானல் மலை ஏறணும்னா மட்டும் 16 குதிரைத் திறன் திணறும், அப்ப வேற யோசிங்க.

பெயின்ட்டைப் பார்த்து மயங்காதீங்க. தொட்டித் தகரத்துக்கு அடியில கையை விட்டுத் தடவுங்க. காய்கறித் தண்ணி இறங்கித் துருப்பிடிச்சிருந்தா பொடியா உதிரும். ஆர்.சி.யில (பதிவுச் சான்றிதழ்) பழைய கடன் நீக்கியாச்சா, எஃப்.சி. (தகுதிச் சான்றிதழ்) எதுவரைக்கும் இருக்குன்னு பார்க்காம அட்வான்ஸ் கொடுத்துடாதீங்க.